கொடைக்கானல் வாடகை வீட்டில் விருந்தினர் தேடுவது

குடும்பத்தோடு மலையேறி வருபவர்கள் முதலில் கேட்பது வெந்நீர். 15 லிட்டர் கீசரில் 60 டிகிரிக்குச் சுட்ட நீரை 15 டிகிரி பச்சைத் தண்ணீரோடு விளாவினால், குளிக்கிற சூட்டில் 27 லிட்டர்தான் தேறும். நான்கு பேருக்குப் போதவே போதாது. 25 லிட்டர் கீசராக வையுங்கள். 2,000 வாட்டில் அது சூடேற 40 நிமிடம் ஆகும் என்று சுவிட்சுக்கு மேலே எழுதி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் குழாயைத் திறந்துவிட்டு, "கீசர் ரிப்பேர்" என்று கூப்பிடுவார்கள்.

அடுப்படியில் பிரஷர் குக்கர் கட்டாயம். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் வேகாது. கேஸ்கெட் ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

ஆளுக்கு இரண்டு கம்பளி. மழை நாளில் ஈரத்துணி காயப்போட வீட்டுக்குள்ளேயே ஒரு கொடி.