சேது சாலையில் 1897

மாசி மாதத்து விடியற்காலையொன்றில் இராமநாதபுரம் அரண்மனை வாசலிலிருந்து நாங்கள் மூவர் பாம்பனை நோக்கி நடக்கத் தொடங்கினோம். கைத்தறி வேட்டி, தோளில் துண்டு, புளிச்சோறு கட்டிய பனையோலைப் பெட்டி, தண்ணீருக்குச் சுரைக்குடுக்கை ஆகியவைதாம் எங்கள் சுமை. காலில் செருப்பில்லை, கைப்பேசிகளை வீட்டிலேயே வைத்துவிட்டோம்.

நாங்கள் தேர்ந்துகொண்ட ஆண்டு 1897. அந்த ஆண்டு ஜனவரி 26 அன்று இலங்கையிலிருந்து வந்த விவேகானந்தர் பாம்பன் குந்துகாலில் கரையிறங்க, இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி அவரை எதிர்கொண்டு வரவேற்றார். மண்டபத்துக்கு ரயில் வந்தது 1902இல். கடலின்மேல் ரயில் பாலம் திறக்கப்பட்டது 1914இல். ஆகவே 1897இல் இராமேசுவரம் போக நினைத்த எளியவருக்கு நடையும், அதன்பின் தோணியுமே வழி. அந்த ஆண்டில் இல்லாத எதையும் கையில் எடுப்பதில்லை என்பதே எங்கள் விதி.

வரலாற்றை இவ்வாறு மீண்டும் நிகழ்த்திப் பார்ப்பது மேலைநாடுகளில் பெரும் பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. வாட்டர்லூ போரின் 200ஆம் ஆண்டான 2015இல், பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அக்காலச் சீருடையில் பெல்ஜியத்தில் கூடி அப்போரை நிகழ்த்திக் காட்டினர். ஆனால் இதை இரவல் பழக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இராமேசுவரத்தில் ஆண்டுதோறும் நடக்கும் இராமலிங்கப் பிரதிட்டை விழாவில் இராவண வதமும், தனுஷ்கோடி செல்லும் வழியிலுள்ள கோதண்டராமர் கோயிலில் வீடணனின் முடிசூட்டும் நிகழ்த்தப்படுவதைப் பார்த்து வளர்ந்த ஊரார்க்கு, நடந்ததை நடந்த இடத்திலேயே திரும்ப நடத்திப் பார்க்கும் ஆசையைப் புதிதாக யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

முதல்நாள் நண்பகலுக்குள் என் பாதங்கள் நிழலைத் தேடத் தொடங்கிவிட்டன. சாலையின் இருமருங்கும் சீமைக்கருவேலம் அடர்ந்திருந்தது. இந்த அளவுக்கு அது பரவியதெல்லாம் நாங்கள் நடித்த ஆண்டுக்கு வெகுகாலம் பிந்தியது. எனவே அதைக் கண்ணிலிருந்து நீக்கிவிட்டு, குடை விரித்ததுபோல் தலை பரந்த உடைமரங்களை மட்டும் எண்ணிக்கொண்டே நடந்தோம். அவற்றிடையே உள்ள தொலைவைப் பாதம் அளந்தபோதுதான், அன்றைய யாத்திரிகர் ஏன் பின்னிரவில் புறப்பட்டு வெயிலேறுமுன் சத்திரம் சேர விரும்பியிருப்பர் என்று விளங்கியது. எத்தனையோ முறை இதே சாலையில் பேருந்தில் போயிருக்கிறேன். ஒருமுறைகூட இக்கேள்வி எழுந்ததில்லை.

உச்சிப்புளிக்கு முன்னால் ஒரு சுமைதாங்கிக் கல்லைக் கண்டோம். பேறுகாலத்தில் இறந்த பெண்ணின் நினைவாக நடும் கல் அது என்று சிறுவயதிலேயே கேள்விப்பட்டிருந்தேன். தலையிலிருந்த பெட்டியை யாருடைய உதவியுமின்றி அப்படியே அதன்மேல் நகர்த்தி வைக்க முடிந்தபோது, அந்த உயரத்தைத் தீர்மானித்தவர்களின் பரிவை என் கழுத்து உணர்ந்தது. சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

இரண்டாம் நாள் மண்டபத்தை நெருங்கும்போது குடுக்கை வற்றிவிட்டது. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், மணலில் குழி பறித்துச் சிரட்டையால் ஊற்றுநீர் மொண்டுகொண்டிருந்த ஒரு பெரியம்மா எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு, “வேண்டுதலா தம்பி?” என்று கேட்டார். எங்கள் நோக்கத்தைச் சொன்னோம். “எங்க அப்பத்தா காலத்துலயும் இதே ஊத்துதான்” என்று சொல்லிச் சிரட்டையை நீட்டியவர், ஆர்வத்தில் நான் குழியை ஆழப்படுத்த முனைந்ததும், “ஆழமாத் தோண்டாதீக, உப்பு ஏறிரும்” என்று தடுத்தார். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனத்த உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. மேலாக அள்ளினால் குடிநீர், பேராசைப்பட்டால் கடல். எங்கள் பயணத்தில் 1897 இல்லாத குறை சற்றும் தோன்றாத நேரம் அதுவே. அந்த அம்மாள் எதையும் நடிக்கவில்லை.

மூன்றாம் நாள் எங்கள் விதி முறிந்தது. தோணிக்கு ஏற்பாடு செய்ய முடியாமல், 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின்மேல் நடந்தே கடந்தோம். அதை நான் இன்றுவரை குறையாகவே கருதுகிறேன். யாத்திரிகர் மிகவும் அஞ்சியிருக்கக்கூடிய பகுதியை முப்பது அடிக்கும் மேலான உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டு போவது நிகழ்த்துதல் ஆகாது.

பாம்பன் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவரிடம் வத்தை எனும் பாய்மரப் படகில் கடப்பது பற்றிக் கேட்டோம். “வாடையில நீவாடு தெக்க இழுக்கும். காத்தப் பாத்து, ஓட்டத்தையும் பாத்துத்தான் பாய் வைக்கணும்” என்றார். நீவாடு என்று அவர் சொன்னது கடல் நீரோட்டத்தை. வத்தையின் பக்கவாட்டில் பலகை நீட்டி, அதன்மேல் ஆளேறி நின்று சாய்வைச் சமன்செய்யும் விதத்தைத் தம் இரு கைகளாலும் காட்டினார். கற்றுக்கொள்ள எத்தனை நாளாகும் என்று நான் கேட்டேன். “கச்சான் முடிஞ்சு வாங்க” என்றார், தென்மேற்குப் பருவக்காற்றைக் குறித்து.

குந்துகாலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மீதமிருந்த புளிச்சோற்றைப் பங்கிட்டுத் தின்றுகொண்டே, கச்சான் எந்த மாதம் ஓய்கிறது என்று விரல்விட்டு எண்ணினோம்.