டோஸைக் கூட்டுவதற்கு முன்

கம்பம், போடியிலிருந்து ஜீப்பில் மேடேறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்வரும் பெண்கள் சோதனைக்குழாய் சிகிச்சைக்கு வரும்போது, பழைய ஃபைலில் 'முட்டை குறைவு' என்று எழுதியிருக்கும். ஏன் குறைந்தது என்று யாரும் துருவியிருக்க மாட்டார்கள். முட்டை வளர்க்கும் ஊசியை வழக்கமான அளவில் போட்டும் 3 முட்டைக்கு மேல் வராவிட்டால் குறைந்த பலன் என்று ஐரோப்பிய வல்லுநர்களின் 2011 போலோனா வரையறை சொல்கிறது. அது கணக்குதான், காரணம் அல்ல. டோஸைக் கூட்டுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும்.

முதலில் ஊசியையே விசாரிக்க வேண்டும். எஃப்.எஸ்.எச். எனும் அந்த முட்டை வளர்க்கும் ஹார்மோனின் பேனா ஊசி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். உறைந்துபோனால் மருந்து வீண். "ஐஸ் பெட்டிக்குள்ள வைக்காதீங்கக்கா, கீழ்த்தட்டுல வைங்க" என்று சிஸ்டர்கள் ஒவ்வொரு முறையும் சொல்வது இதனால்தான். பவுடர் மருந்தாக இருந்தால் குலுக்காமல் மெல்லச் சுழற்றிக் கரைக்க வேண்டும். தோட்டத்திலிருந்து திரும்பியபின், இரவு 7 மணி போல ஒரே நேரத்தில் போட்டுக்கொள்வது நல்லது.

ஊசி சரியாக இருந்தால் அடுத்து அழற்சி. மாதவிடாய் வலி தாளமுடியாதவர்களிடம் சாக்லேட் கட்டியை, அதாவது எண்டோமெட்ரியோசிஸால் சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி உருவாகும் கட்டியைத் தேடுவோம். உள்ளே தேங்கிய பழைய ரத்தத்தின் இரும்புச்சத்து சுற்றியுள்ள திசுவை அரிக்கிறது, தழும்பாக்குகிறது, பக்கத்தில் முட்டைகளைத் தாங்கும் நுண்பைகள் குறைகின்றன. 'கட்டியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்' என்ற அவசரம்தான் எங்களுக்குக் கவலை. கட்டியின் உறையோடு நல்ல திசுவும் உரிந்து வரும், முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ஹார்மோன் அளவு இன்னும் இறங்கும். வலியோ, புற்றுநோய்ச் சந்தேகமோ, முட்டை எடுக்க வழியில்லாத நிலையோ இருந்தாலொழிய சிகிச்சைக்கு முன் கத்தி வைக்காமலிருப்பதே மேல். முட்டை எடுக்கும்போது ஊசி கட்டிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போனால் சீழ் பிடிக்கலாம்.

ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. கூடியிருக்கிறதே என்று சிலர் ரிப்போர்ட்டைக் காட்டுவார்கள். சளி பிடித்தாலும் அது ஏறும். அதை வைத்துச் சினைப்பையைக் குறைசொல்ல முடியாது.

உதிரப்போக்கு வரவரக் குறைந்திருந்தால் கர்ப்பப்பைக் காசநோயை மறக்கக்கூடாது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உள்வரிச் சதை எடுத்துக் கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) திசுப் பரிசோதனைக்கும் அனுப்புகிறோம். உறுதியானால் 6 மாத மருந்து முடியும்வரை கரு வைப்பதில்லை. மருந்து நோயை ஆற்றும். இழந்த முட்டை திரும்பாது. இதைத் தம்பதியிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

ஊசியை ஒரு நாளைக்கு 300 யூனிட்டுக்கு மேல் ஏற்றுவதை ஐரோப்பிய வழிகாட்டுதலே பரிந்துரைக்கவில்லை. முட்டை அதிகமாகாது, செலவுதான் கூடும். நீர்கோத்த கருக்குழாய் இருந்தால் கரு வைக்கும் முன் அதை எடுப்பதோ கட்டுவதோ நல்லது. எடுக்கிறவர் குழாயை ஒட்டியே வெட்ட வேண்டும். சினைப்பைக்குப் போகும் ரத்தக்குழாய்க் கிளைகள் குழாயைத் தாங்கும் சவ்வு மடிப்பில்தான் ஓடுகின்றன.