ஷூவுக்குள் இட்லி

இன்று காலை ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் வலது காலை ஷூவுக்குள் விட்டால், உள்ளே மெத்தென்று, ஈரமாக, என்னவோ நசுங்கியது. தேரைதான் என்று நான் போட்ட கூச்சலில் மாடி வீட்டு மாமியே எட்டிப் பார்த்துவிட்டார். உதறினேன். முக்கால் இட்லி விழுந்தது. மிளகாய்ப்பொடி தடவாத இட்லி. அப்புறம் என்ன விசாரணை? எங்கள் வீட்டில் பொடி இல்லாமல் இட்லி தின்கிற ஜீவன் எங்கள் நாய் சீசர் ஒருத்தன்தான்.

மூன்று இட்லி வைத்தால் இரண்டை மெல்லாமலேயே விழுங்குவான். மூன்றாவதை மட்டும் நுனிப்பல்லில் பூப்போலக் கவ்விக்கொண்டு வீடெல்லாம் இடம் தேடுவான். மனை வாங்கும்போது அப்பா இதில் பாதி யோசித்திருந்தால், நாங்கள் ஒவ்வொரு ஐப்பசிக்கும் முழங்கால் தண்ணீரில் நிற்க வேண்டியிருக்காது. சரி, அது கிடக்கட்டும். இடம் பிடித்துப்போனால் இட்லியை வைத்து, மூக்காலேயே மண்ணைத் தள்ளி மூடுவான். மொசைக் தரையில் ஏது மண்? இருந்தாலும் நாலு பக்கமும் மூக்கைத் தேய்த்து, இல்லாத மண்ணை மேலே போட்டு, இரண்டடி தள்ளி நின்று சரிபார்த்துவிட்டுத்தான் நகர்வான். இட்லி வெள்ளை வெளேரென்று ஊருக்கே தெரியும்.

ஓநாயும் நரியும் மிஞ்சிய இரையைப் புதைத்து வைக்கிற அதே புத்தி. நாய் நம்மோடு ஒட்டிக்கொண்டு 15,000 வருஷமாவது இருக்கும். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு பெருகியிருக்கிறது என்று 2013-இல் கண்டுபிடித்தார்கள். வயிறு இட்லிக்குப் பழகிவிட்டது, மூக்கு இன்னும் காட்டிலேயே இருக்கிறது.

இதைப் போய் அம்மாவிடம் விளக்கியது என் தப்பு.

"அதுக்காவது என் இட்லியோட அருமை தெரியுதே! நீ என்னிக்காவது நாளைக்குன்னு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கியா?"

மாவு புளித்துவிட்டது என்று நேற்று நான் சொன்னதும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டது. செருப்போடு ஆபீஸ் போனேன்.

சாயங்காலம் வந்தால், சீசர் ஷூவுக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தான். காலி. நிமிர்ந்து என்னைப் பார்த்தான் பாருங்கள், சர்க்கரை தீர்ந்துவிட்டது என்கிற ரேஷன் கடைக்காரரைக்கூட யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு இட்லி எடுத்துவந்து நீட்டினாள்.

கவ்விக்கொண்டவன், என் பக்கம் திரும்பாமல் நேராக அப்பாவின் ஹெல்மெட்டை நோக்கி நடந்தான். நான் வாயே திறக்கவில்லை.