வைஃபைக்காகக் காத்திருக்கிறது

“பட்டனை அந்தப் பிள்ளை அழுத்திட்டா. அதுக்கப்புறம் நீ யாரு தம்பி யோசிக்கிறதுக்கு?”

சப்போர்ட் டீம் அக்கா இப்படிக் கேட்டதற்கு அன்றைக்கு ஒரு பதில் சொன்னேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறொன்றோ என்ற சந்தேகம் மட்டும் போக மாட்டேன் என்கிறது.

எங்கள் ஆப்பில் போட்டித் தேர்வுக்கான பாட வீடியோக்கள் இருக்கின்றன. ஒரு பாடம் ஏறக்குறைய 300 எம்பி. டவுன்லோட் பட்டனை அழுத்தியதும் அந்த வேலை, ஆண்ட்ராய்டில் பின்னணி வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் வொர்க்மேனேஜரிடம் போய்விடும். ஆப்பை மூடினாலும், போனை அணைத்துப் போட்டாலும், வேலை வரிசையில் நிற்கும். அதோடு நான் ஒரு நிபந்தனையும் வைத்திருந்தேன்: மீட்டர் ஓடாத, அதாவது டேட்டா அளவைக் கணக்குப் பார்க்கத் தேவையில்லாத, நெட்வொர்க் கிடைத்தால் மட்டுமே இறக்கு. அதுவரை திரையில் ‘வைஃபைக்காகக் காத்திருக்கிறது’ என்று இருக்கும். மொபைல் டேட்டாவிலும் இறக்கலாம் என்று அனுமதிக்கும் சுவிட்ச் செட்டிங்ஸுக்குள் இருந்தது.

அந்த நிபந்தனை காரணமில்லாமல் வந்ததல்ல. பழைய வெர்ஷன் அடுத்தடுத்த பாடங்களைத் தானாகவே பின்னணியில் இறக்கி வைக்கும். ஒருநாள் ஒரு மாணவனின் அப்பா கூப்பிட்டார். பையன் பாடம் படித்ததே அவருடைய போனில்தான். தினம் ஒன்றரை ஜிபி பேக். காலை பத்து மணிக்கெல்லாம் தீர்ந்துவிட்டது. தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு விழும். அந்த வேகத்தில் எங்கள் ஒரு பாடம் இறங்கவே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவருக்குக் கடையில் பணம் வந்ததா இல்லையா என்று பார்க்கக்கூட வழியில்லாமல் போயிற்று. அவர் திட்டியதில் ஒரு வார்த்தைகூட அதிகமில்லை. அதற்குப் பிறகுதான், கேட்காமல் யாருடைய டேட்டாவையும் தொடக்கூடாது என்று முடிவெடுத்தேன். அதை இப்போதும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புறம்தான் தென்காசிப் பக்கத்திலிருந்து அந்தப் பெண்ணின் அழைப்பு வந்தது. முந்தின இரவு பதினொன்றரை மணிக்கு அண்ணனிடம் கேட்டு, அவர் போனில் ஹாட்ஸ்பாட் போடச் சொல்லி, தன் போனை அதில் இணைத்திருக்கிறாள். பன்னிரண்டு அடித்தால் அன்றைய மிச்ச டேட்டா வீண். அதற்குள் ஒரு பாடமாவது இறக்கிவிடலாம் என்று கணக்கு. போனின் மேல் மூலையில் வைஃபை சின்னம் முழுசாகத் தெரிகிறது. எங்கள் ஆப்போ வைஃபைக்காகக் காத்திருப்பதாகச் சொல்கிறது. பன்னிரண்டு மணி வரை அப்படியே சொல்லிக்கொண்டிருந்ததாம்.

அக்கா என் மேஜைக்கே வந்துவிட்டார். நான் விளக்கினேன். ஓர் ஆண்ட்ராய்டு போன் ஹாட்ஸ்பாட் கொடுக்கும்போது, இணையும் போனுக்கு ஐபி முகவரியோடு சேர்த்து ‘இது மீட்டர் ஓடும் இணைப்பு’ என்றும் சொல்லி அனுப்பும். பார்க்க வைஃபைதான், பின்னால் ஓடுவது யாரோ ஒருவரின் மொபைல் டேட்டா. அதனால் எங்கள் நிபந்தனை அதைத் தடுத்தது. எழுதியபடியே வேலை செய்திருக்கிறது.

“இதை அந்தப் பிள்ளைகிட்ட நான் எப்படிச் சொல்ல?” என்றார் அக்கா. அதற்கு நான், செட்டிங்ஸில் ஒரு சுவிட்ச் இருக்கிறது என்றேன். அப்போதுதான் மேலே எழுதிய கேள்வியைக் கேட்டார்.

“பட்டனை அழுத்தினது அவ. டேட்டா அவ அண்ணனோடதுக்கா” என்றேன்.

“அண்ணன்கிட்டக் கேட்டுத்தானே வாங்கியிருக்கா? நீ யாரைக் காப்பாத்துற?”

நான் பேசவில்லை. அவரும் பதிலுக்காக நிற்காமல் போய்விட்டார்.

அந்த அப்பாவைத்தான் காப்பாற்றினேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் நிஜம், அவர் கோபமும் நிஜம். ஆனால் அவர் விஷயத்தில் பட்டனை யாருமே அழுத்தவில்லை. ஆப் தானாகச் செய்தது. இவள் கேட்டாள், அழுத்தினாள், மணியையும் பார்த்து வைத்திருந்தாள். இரண்டுக்கும் ஒரே விதி போட்டது நியாயமா?

இந்த வேறுபாடு ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6, சும்மா கிடக்கும் போனில் பின்னணி வேலைகளைத் தள்ளிப்போட ஆரம்பித்தது. 2017-ல் வந்த 8-வது பதிப்பு பின்னணி சர்வீஸ்களுக்குக் கடிவாளம் போட்டது. ஆப்கள் கேட்பாரில்லாமல் பேட்டரியைத் தின்றதால் வந்த கட்டுப்பாடுகள் இவை. எனக்கு இவற்றின் மேல் புகார் இல்லை. ஆனால் 2023-ல் வந்த 14-வது பதிப்பில், பயன்படுத்துபவரே தொடங்கிவைக்கும் பரிமாற்றத்துக்கென்று ஒரு தனி வகையைக் கொண்டுவந்தார்கள். ஆப் கண்ணெதிரே திறந்திருக்கும்போதுதான் அதைத் தொடங்க முடியும், நோட்டிஃபிகேஷன் காட்டியே ஆகவேண்டும், பதிலுக்கு சிஸ்டம் அதை உடனே ஓடவிடும். மனிதர் கேட்டது வேறு, ஆப் தானாக நினைத்துக்கொண்டது வேறு என்பதுதான் அதன் அடிப்படை. அக்கா இந்த ஆவணம் எதையும் படித்தவரில்லை. போனில் ஆட்களோடு பேசிப் பேசியே அங்கே வந்து சேர்ந்திருந்தார்.

ஆனால் அந்த வகையிலும் நெட்வொர்க் நிபந்தனையை எழுதுவது டெவலப்பர்தான். மொபைல் டேட்டாவில் இறக்கலாமா கூடாதா என்பதை கூகுள் எங்களிடமே விட்டிருக்கிறது. ஆகவே அக்கா சொன்னது முழுக்கச் சரி என்றும் என்னால் முடித்துவிட முடியவில்லை.

பெங்களூரு பெல்லந்தூர் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சோதிப்பதும் லேசில்லை. டெஸ்ட் போன்கள் எல்லாம் ஃபைபர் வைஃபையில் கிடக்கின்றன. சிக்னல் அறுந்து அறுந்து வருவதைப் பார்க்க நாகர்கோவில் ரயிலில் ஊருக்குப் போகும்போதெல்லாம் நானே சோதிப்பேன். ஓசூர் தாண்டியதும் டவுன்லோட் பாதியில் நிற்கும். மறுபடி சிக்னல் வந்ததும், எந்த இடத்திலிருந்து வேண்டும் என்று சொல்லும் ரேஞ்ச் ஹெடரை அனுப்பி, விட்ட பைட்டிலிருந்து கேட்போம். சர்வர் 206, அதாவது ‘ஒரு பகுதி மட்டும்’, என்று பதில் தந்தால் மீதி மட்டும் வரும். நடுவில் சர்வரில் ஃபைல் மாறியிருந்தால் பழைய பாதியும் புதிய பாதியும் ஒட்டி வீடியோ கெட்டுப்போகும் என்பதால், ஃபைல் மாறியதா என்று காட்டும் அடையாளமான ஈடேகையும் சரிபார்க்கிறோம். இதெல்லாம் நன்றாகவே வேலை செய்தது. என் மொபைல் டேட்டாவில், சுவிட்சை நானே போட்டுவிட்டுச் செய்த சோதனை அது.

இப்போது பட்டனை அழுத்தினால் கீழிருந்து ஒரு சின்னப் பெட்டி எழும்பும். பாடம் எத்தனை எம்பி என்று காட்டி, ‘இப்போதே இறக்கு’, ‘வைஃபை வந்ததும் இறக்கு’ என்று இரண்டு வழி கொடுக்கும். மீட்டர் ஓடும் இணைப்பு என்றால் ஒவ்வொரு பாடத்துக்கும் கேட்கவேண்டும் என்றேன் நான். ஒருமுறை கேட்டால் போதும், ஒவ்வொரு தடவையும் கேட்டால் படிக்கிற பிள்ளைக்கு எரிச்சல்தான் வரும் என்றார் அக்கா. இப்போதைக்கு ஒவ்வொரு முறையும் கேட்கிறது.

டேஷ்போர்டில் இரவு பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை டவுன்லோட் கோடு ஏறி நிற்கிறது. முன்பு இது இல்லை. அக்கா அதைக் காட்டி, “எத்தனை பிள்ளைங்க பாரு” என்றார். பார்த்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் காலை எட்டு மணிக்கும் ஒரு சின்ன ஏற்றம் இருக்கிறது. அது யாருடைய போன், அன்றைய மீதிப் பொழுதுக்கு அந்த வீட்டில் டேட்டா மிஞ்சியதா என்று அந்தக் கோட்டில் தெரியாது. அடுத்த ரிலீஸில் ‘இனி கேட்க வேண்டாம்’ என்று ஒரு டிக் பெட்டி வைக்கச் சொல்லி அக்கா எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் இன்னும் அதற்கு ஒப்புதல் போடவில்லை.