பேஸ்மன்ற்றுக்கு ஒரு பெர்மிற்

ரொறன்ரோவுக்கு வந்த எங்கட ஆக்களில் எத்தனையோ பேர் கனடா வாழ்க்கையைப் பேஸ்மன்ற்றில், அதாவது வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில்தான் தொடங்கினோம். வாடகை குறைவு, மேலே இருப்பவர்களும் தமிழ் ஆட்கள். நல்லவையும் இருந்தன. ஆனால் படுக்கிற அறையில் ஒரு சின்னப் பிள்ளைகூட நுழைய முடியாத ஜன்னல், வெளியே போக ஒரேயொரு படிக்கட்டு, அதுவும் மேல்வீட்டுக் குசினியைத் தாண்டி என்று இருந்தவையும் நிறைய. மேலே தீப்பிடித்தால் கீழே படுத்திருப்பவர் எந்த வழியால் வெளியே வருவார் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்கிற நிலையிலும் நாங்கள் இருக்கவில்லை.

அதனால்தான் ஸ்காபரோவில் வீடு வாங்கி, பேஸ்மன்ற்றை வாடகைக்கு விடலாம் என்று யோசித்தபோது, நகரசபையின் கட்டட அனுமதியான பெர்மிற் எடுத்தே செய்வது என்பதில் நானும் மனைவியும் உறுதியாக இருந்தோம். விலை சொல்ல வந்த ஒரு கொன்ராக்ரர், "அண்ணை, பெர்மிற் எண்டால் காசும் போகும், காலமும் போகும். வீட்டுக்குள்ள நடக்கிற வேலை ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார். வேறு ஆளைப் பிடித்தோம். பெர்மிற் இல்லாத வேலை பிடிபட்டால் நகரசபையின் உத்தரவு வீட்டுச் சொந்தக்காரருக்கே வரும். மூடிய சுவரைத் திரும்பத் திறந்து காட்டச் சொல்லவும் ஒன்ராறியோவின் கட்டடச் சட்டத்தில் இடமுண்டு.

முதல் வேலை வரைபடம். இப்போது இருக்கிற தளம் ஒரு தாளில், வரப்போகிற தளம் இன்னொன்றில். எந்தச் சுவர் எதனால் ஆனது, கூரை உயரம் எவ்வளவு, புகை எச்சரிக்கைக் கருவி எங்கே என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். தன் சொந்த வீட்டுக்கு வீட்டுக்காரரே வரையலாம். நாங்கள் தகுதி பெற்ற ஒருவரிடம் கொடுத்தோம். வீடுகளுக்கான விண்ணப்பம் முழுமையாக இருந்தால் 10 வேலை நாட்களுக்குள் நகரசபை முடிவு சொல்ல வேண்டும் என்பது மாகாண விதி. ஒரு தாள் குறைந்தாலும் அந்தக் கணக்கு பொருந்தாது. மறுத்தால் காரணம் முழுவதையும் எழுதித் தர வேண்டும்.

எங்களுக்கும் திருத்தக் கடிதம் வந்தது. அதில் இருந்த ஒரு விஷயம் என்னை நிறையவே யோசிக்க வைத்தது. மேலுக்கும் கீழுக்கும் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் ஒன்றே என்றால், காற்றுக் குழாய்க்குள் புகையை உணரும் கருவி ஒன்று இருந்து, புகை வந்தவுடன் ஃபேர்னஸை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வீட்டுப் புகையை அந்தக் குழாயே மற்ற வீட்டுப் படுக்கையறைக்குள் கொண்டுபோய்விடும். இத்தனை வருடம் அந்தக் குழாய்களுக்குக் கீழே படுத்து எழும்பியிருக்கிறேன், ஒருநாளும் இதை நினைத்ததில்லை.

ஜன்னலுக்கும் கணக்கு உண்டு. தப்பி வெளியேறுகிற வழியாக வைக்கும் படுக்கையறை ஜன்னல் திறந்தால் 0.35 சதுர மீற்றர் இடைவெளி தர வேண்டும், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: ஒரு பக்கம் 380 என்றால் மறுபக்கம் 920க்கு மேலே போக வேண்டும். ஜன்னலுக்கு வெளியே குழி இருந்தால் ஜன்னலுக்கு முன்னால் 550 மில்லிமீற்றர் இடம் விட வேண்டும். ஒரு பெரிய ஆள் உடம்பை நுழைத்து, எழுந்து நிற்பதற்கான அளவு அது. அத்திவாரக் கொங்கிரீற்றை வெட்டித்தான் எங்கள் ஜன்னலைப் பெரிதாக்கினோம். செலவில் பெரும் பங்கு அதற்கே போனது. அந்தக் காசு எனக்கு ஒருபோதும் பெரிதாகத் தெரியவில்லை.

பரிசோதனைகளுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. மூடுவதற்கு முன் காட்ட வேண்டும், அதுதான் முக்கியம். நிலத்துக்குக் கீழே போகும் கழிவுக் குழாயைக் கொங்கிரீற் ஊற்ற முதல், சட்டகத்தையும் தண்ணீர்க் குழாய்களையும் சுவர் அடைக்க முதல், குளிர் தடுக்கும் பஞ்சையும் அதன் மேல் விரிக்கும் பிளாஸ்ரிக்கையும் சுவரை மூடும் ட்ரைவோல் பலகை ஏற்ற முதல். வேலை தயார் என்று அறிவித்தால் பெரும்பாலான பரிசோதனைகளுக்கு நகரசபையின் இன்ஸ்பெக்ரர் இரண்டு நாளுக்குள் வர வேண்டும். மின்சாரம் மட்டும் நகரசபையின் கையில் இல்லை. அதற்கு ஒன்ராறியோ மின் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது, அங்கே தனியாக அறிவித்து, அவர்களின் இன்ஸ்பெக்ரருக்குத் தனியாகக் காட்ட வேண்டும். இது தெரியாமல் நகரசபையின் பெர்மிற் எல்லாவற்றையும் அடக்கும் என்று நம்பி இருப்பவர்கள் எங்களுக்குள் அதிகம்.

எங்களிடம் வந்த இன்ஸ்பெக்ரர் அதிகம் பேசாத மனிதர். ரோர்ச்சைக் கூரைக்கு அடித்து, மேலே போகும் ஒரு குழாயைச் சுற்றி விரலளவு இடைவெளி இருப்பதைக் காட்டினார். இரண்டு வீடுகளுக்கும் நடுவே தீயைத் தடுக்க வேண்டிய கூரை அது, அந்த ஓட்டையால் தீயும் புகையும் ஏறும் என்றார். அடைத்தபிறகு திரும்ப வந்து பார்த்துத்தான் கையெழுத்து வைத்தார். வேலைக்காரருக்கு முகம் சுருங்கியது. எனக்கு அந்த மனிதரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. ட்ரைவோல் ஏறியிருந்தால் அந்த இடைவெளியை யாருமே கண்டிருக்க மாட்டோம்.

செய்யப் போகிறவர்கள் இரண்டு விஷயத்தை மறக்க வேண்டாம். பெர்மிற் கிடைத்து ஆறு மாதத்துக்குள் வேலையை உண்மையாகத் தொடங்காவிட்டால் அதை ரத்துச் செய்ய நகரசபைக்கு அதிகாரம் இருக்கிறது. கடைசிப் பரிசோதனை முடியும்வரை பெர்மிற் திறந்தே கிடக்கும், வீட்டை விற்கப் போனால் வாங்குபவரின் வழக்கறிஞர் அதைக் கண்டுபிடித்துக் கேட்பார். புதிதாக வந்து பேஸ்மன்ற் தேடுகிறவர்கள், வாடகை பேச முதல் படுக்கையறை ஜன்னலை நீங்களே திறந்து பாருங்கள். பெர்மிற் எடுத்துக் கட்டியதா என்றும் கேளுங்கள். முறையாகச் செய்தவர்கள் தாளைக் காட்டத் தயங்க மாட்டார்கள்.