அறுபதாம் இடத்துப் பாட்டு

தொண்ணூறுகளில் இங்கிலாந்தில் ரெக்கார்டு கடைக் கவுண்டரில் நின்று விற்ற எங்களைப் போன்றவர்களுக்குத் திங்கட்கிழமைதான் பண்டிகை நாள். புது சிங்கிள்கள், அதாவது ஆல்பமாக இல்லாமல் ஒரு பாட்டை முன்னிறுத்தி வரும் சிடிகள், அன்றுதான் வரும். சனிக்கிழமை வரை ஸ்கேன் ஆகும் ஒவ்வொரு பார்கோடும் ஒரு ஓட்டு. ஞாயிறு மாலை பிபிசியின் ரேடியோ 1-ல் முடிவு: அந்த வாரம் அதிகம் விற்ற நாற்பது சிங்கிள்களின் பட்டியலான டாப் 40.

தேர்தலில் நடக்கும் எல்லாமே இங்கேயும் நடக்கும். பட்டியலுக்கு விற்பனைக் கணக்கு அனுப்பும் கடை என்றால் இசைத்தட்டுக் கம்பெனி ஆட்கள் தேடி வருவார்கள். இலவசப் பிரதிகள் தருவார்கள். முதல் வாரம் 1.99 பவுண்டுக்கு விற்ற சிடி சிங்கிளை அடுத்த வாரம் 3.99-க்கு விற்பது சாதாரணம். கடைக்கு வருவதற்குப் பல வாரங்கள் முன்பே வானொலியில் பாட்டைச் சுழல விடுவார்கள். கேட்டுக் கேட்டு ஏங்கிய கூட்டம் ஒரே வாரத்தில் வந்து வாங்கும். அதனால் நுழைந்த வாரமே உச்சம், மறுவாரமே சரிவு.

அந்தச் சூழலில் 1997 ஆகஸ்டில் கார்னர்ஷாப் என்ற இண்டி (பெரிய கம்பெனிகளின் பாணியைச் சாராத) இசைக்குழுவின் 'பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா' வந்தது. ஆஷா போஸ்லேயைப் பற்றிய பாட்டு. நடுவே லதா மங்கேஷ்கரும் முகமது ரஃபியும் தலைகாட்டுவார்கள். எழுதிப் பாடிய தஜிந்தர் சிங் வுல்வர்ஹாம்ப்டனில் வளர்ந்த பஞ்சாபி. பின்னணிப் பாடகர்களைத் தெய்வமாக நினைத்து வளர்ந்த நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஆனால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு ஆஷா யாரென்றே தெரியாது. பாட்டு 60-ஆம் இடத்தோடு நின்றது. ரேடியோ 1 தொகுப்பாளர் ஜான் பீல் தன் நிகழ்ச்சியில் ஆண்டுதோறும் நேயர்களைக் கொண்டு நடத்திய வாக்கெடுப்பில் அந்த ஆண்டின் முதலிடம் இதற்குத்தான். விரும்பியவர்கள் உயிராய் விரும்பினார்கள், ஆனால் அவர்கள் கொஞ்சம் பேர்.

பிறகு ஃபேட்பாய் ஸ்லிம் என்ற பெயரில் இயங்கிய டிஜே நார்மன் குக் அதை ரீமிக்ஸ் செய்தார். வேகத்தைக் கூட்டினார், சுருதியை ஏற்றினார், தாளத்தைக் கனமாக்கினார். 1998 பிப்ரவரியில் அது நேராக முதலிடம். அதற்கு முந்தைய வாரம் அங்கே இருந்தவர் செலின் டியோன், அடுத்த வாரம் வந்தவர் மடோனா. நடுவே ஒரே ஒரு வாரம் ஆஷா போஸ்லேயின் பெயர். அந்த வாரம் ஹம் செய்துகொண்டே வந்தவர்களில் பாதிப் பேருக்குக் குழுவின் பெயர்கூடத் தெரியாது. ஹம் பண்ணிக் காட்டுவார்கள், நாங்கள் எடுத்துக் கொடுப்போம்.

சுவாரசியம் அதற்குப் பிறகுதான். சிங்கிளை ரசித்தவர்கள் ஆல்பத்தை வாங்கிப் போனார்கள். அதில் இருந்தது பழைய வடிவம்: ஐந்து நிமிடத்துக்கு மேல், அவசரமே இல்லாத நடை. சிலர் சிடியைத் திருப்பிக் கொண்டுவந்து, "இது வேற பாட்டுங்க, தப்பா குடுத்துட்டீங்க" என்ற தொனியில் பேசினார்கள். அதே வரிகள், அதே குரல் என்று நாங்கள் எவ்வளவு சொல்லியும் பயனில்லை. ஒருவகையில் அவர்கள் சொன்னதும் சரிதான். அவர்கள் வாங்கியது கார்னர்ஷாப்பை அல்ல, நார்மன் குக்கின் தாளத்தை.

எனக்குப் பிடித்தது இன்றும் மெதுவான வடிவம்தான். அதற்காக ரீமிக்ஸைப் பழிக்க மாட்டேன். அது இல்லாமல் அந்தப் பாட்டு பீல் நேயர்களுக்குள்ளேயே சுற்றியிருக்கும். ஆனால் பட்டியல் எண்ணியது ஒரு வாரத்து பார்கோடுகளை மட்டும்தான். வாங்கியவர் பாட்டுக்காக வந்தாரா, குழுவுக்காக வந்தாரா, விலைக்காக வந்தாரா என்று ஸ்கேனர் கேட்பதில்லை. 2014-லிருந்து பிரிட்டனில் ஸ்ட்ரீமிங்கும் கணக்கில் சேர்கிறது. இப்போது ஒரே ஆள் திரும்பத் திரும்பக் கேட்பதற்கும் மதிப்பு உண்டு. அந்தக் காலத்தில் ஒரு சிடியை ஆயிரம் முறை கேட்டாலும் ஒரு ஓட்டுதான்.

1998 மே மாதம் அவர்களின் அடுத்த சிங்கிள் வந்தது. முதலிடம் பிடித்த குழு என்று கடையில் முன்வரிசையில் அடுக்கி வைத்தோம். 23-ஆம் இடம். கம்பெனி ஆட்களின் முகம் தொங்கிப் போயிற்று. 60-ஐ நினைத்துப் பார்த்தால் அது நல்ல விற்பனை.