சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா: செல்லின் வாசலில் நடப்பது

குலசேகரத்தில் மருந்துக்கடை நடத்தும் என்னிடம், ரப்பர் பால் வெட்டிவிட்டு வருபவர் முதல் ஓய்வுபெற்ற ஆசிரியர் வரை, தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “தம்பி, இத கஞ்சி குடிச்ச பொறவா போடணும், அதுக்கு முன்னேயா?” உறையின் மேல் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கவனிப்பதே வழக்கம், விளக்கம் சொல்ல நேரம் இருப்பதில்லை. சில மருந்துகள் வயிற்றைப் புண்ணாக்கும், ஆகவே சாப்பிட்ட பின் போட வேண்டும் என்பது பலருக்கும் தெரிந்த காரணம். வேறு சில மருந்துகளுக்குக் காரணம், செல்களின் சவ்வில் பதிந்திருக்கும் கடத்திப் புரதங்களில் இருக்கிறது. கடையில் நின்று சொல்ல முடியாத அந்தக் காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

செல்லைச் சுற்றியுள்ள சவ்வு ஏறத்தாழ 5 நானோமீட்டர் தடிப்புள்ள கொழுப்புப் படலம். கொழுப்பு மூலக்கூறுகள், நீரோடு ஒட்டும் தலைகளை வெளிப்புறமும் நீரோடு ஒட்டாத வால்களை உட்புறமும் வைத்து இரண்டு அடுக்காக நிற்பதால், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, சாராயம் போன்ற சிறு மூலக்கூறுகள் அதைத் தாமே ஊடுருவிச் சென்றுவிடும். குளுக்கோஸ், அமினோ அமிலங்கள், மின்னேற்றம் கொண்ட அயனிகள் ஆகியவற்றால் அது முடியாது. உயிர் வாழ நமக்கு வேண்டியவற்றுள் பெரும்பகுதி இந்த இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதால், அவற்றை உள்ளே விடவும் கழிவை வெளியே தள்ளவும் சவ்வின் ஊடே புரதங்கள் அமைந்திருக்கின்றன. மனித மரபணுத் தொகுதியில் எஸ்.எல்.சி. என்ற கடத்திப் பெருங்குடும்பத்துக்கு மட்டும் 400-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் உள்ளன. பெரும்பாலும் வெளியேற்றும் வேலையைச் செய்யும் ஏ.பி.சி. குடும்பத்துக்கு ஏறத்தாழ 50.

கன்னியாகுமரிக் கரையிலிருந்து விவேகானந்தர் பாறைக்குப் படகில்தான் போக முடியும்; பாறையிலிருந்து திருவள்ளுவர் சிலைக்கோ, 2024 டிசம்பர் இறுதியில் திறந்த 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலத்தின் வழியே நடந்து போகலாம். பாலத்துக்கு இரு முனையும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். படகு ஒரு நேரத்தில் ஒரு துறையில்தான் நிற்கும். சவ்வில் உள்ள அயனிக் கால்வாய்கள் பாலத்தின் இனம், அவற்றின் வழியே நொடிக்குக் கோடிக்கணக்கான அயனிகள்கூடப் பாயும். கடத்திப் புரதங்கள் படகின் இனம். ஒருபுறம் வாயைத் திறந்து மூலக்கூறை ஏற்றுக்கொண்டு, அந்த வாயை மூடிய பின்னரே மறுபுறம் திறப்பதால், நொடிக்குச் சில முதல் சில ஆயிரம் மூலக்கூறுகள் வரைதான் கடத்த முடியும். இருக்கைகள் நிறைந்துவிட்டால் துறையில் எவ்வளவு கூட்டம் நின்றாலும் வேகம் கூடாது; உருவத்தில் ஒத்த இருவர் ஒரே இருக்கைக்குப் போட்டியிட்டால் ஒருவர் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் இந்த உவமையை ஓர் இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்: புரதம் கரைக்குக் கரை மிதந்து செல்வதில்லை, நின்ற இடத்திலேயே தன் வடிவத்தை மாற்றி வாயைத் திருப்புகிறது. இந்த மாறிமாறித் திறக்கும் முறையை 1966-ல் ஒலெக் யார்டெட்ஸ்கி முன்வைத்தார்.

இந்தப் புரதங்களில் மனிதகுலம் அதிகம் கடன்பட்டிருப்பது எதற்கு என்று கேட்டால், சிறுகுடலில் உள்ள எஸ்.ஜி.எல்.டி.1 என்றே சொல்வேன். அது ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை இரண்டு சோடியம் அயனிகளோடு சேர்த்துத்தான் உள்ளே எடுக்கும். செல்லுக்குள் சோடியம் குறைவாகவே இருப்பதால் வெளியிலிருக்கும் சோடியம் உள்ளே பாய முனைகிறது. அந்தப் பாய்ச்சலின் ஆற்றலில் குளுக்கோஸும் இழுபட்டு வருகிறது. உள்ளே சோடியம் பெருகாமல் பார்த்துக்கொள்வது, செல்லின் மறுபக்கத்தில் செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் பம்பு. அதைக் கண்டறிந்த யென்ஸ் ஸ்கோவுக்கு 1997-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சோடியமும் குளுக்கோஸும் கூட்டாகச் செல்கின்றன என்ற கருத்தை ராபர்ட் கிரேன் 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் விளக்கினார். இரண்டும் உள்ளே போனால் நீரும் பின்னே போகும்.

காலராக் கிருமியின் நச்சு குடலிலிருந்து உப்பையும் நீரையும் கொட்டச் செய்தாலும், எஸ்.ஜி.எல்.டி.1-ஐ அது கெடுப்பதில்லை. அந்த ஒரு வாசல் திறந்திருப்பதால்தான் ஓ.ஆர்.எஸ். எனும் உப்புச் சர்க்கரைக் கரைசல் வேலை செய்கிறது. 1971-ல் வங்கதேசப் போரின்போது, எல்லையோர பன்கான் அகதிகள் முகாமில் சிரைவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் பீப்பாய்களில் கரைசலைக் கலந்து, நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே குடிக்கச் செய்தார். 30 விழுக்காடு வரை போயிருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2002-ல் திருத்திய கலவையில், ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸும் சோடியமும் 75 மில்லிமோல் வீதம் சம அளவில் இருக்கின்றன. நம் வீடுகளில் பேதிக்கு உப்பிட்ட கஞ்சித்தண்ணீர் கொடுக்கும் வழக்கமும் இதே வாசலைத்தான் தட்டுகிறது, ஏனெனில் அரிசியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைகிறது. இங்கே ஒன்றைச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது: ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைக் கண்ணளவாகப் பிரித்து டம்ளரில் கலக்குவதும், அதற்குப் பதிலாகக் குளிர்பானம் வாங்கிக் கொடுப்பதும் கூடாது. அளவுக்கு மீறிய சர்க்கரை, நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியை அதிகமாக்கும்.

இனி மருந்துகளுக்கு வருவோம். மருந்துக்கென்று உடலில் எந்த வாசலும் அமையவில்லை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும். குடலில் பெப்டைடுகளை, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த குறுஞ்சங்கிலிகளை, உறிஞ்சும் பெப்ட்1 என்ற கடத்தி, உருவ ஒற்றுமையால் செஃபலெக்சின், அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குகளையும் ஏற்றுக்கொள்கிறது. அக்கிக்குக் கொடுக்கும் அசைக்ளோவிர், வாய்வழி உட்கொள்கையில் 20 விழுக்காடு அளவுக்கே இரத்தத்தை அடைகிறது. அதனோடு வாலின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டி வாலசைக்ளோவிராக்கினால், அதே பெப்ட்1 அதைப் பெப்டைடு என்று எண்ணி உள்ளே விடுவதால், அந்த அளவு ஏறத்தாழ 54 விழுக்காடாகிறது. இவ்வளவு நேர்த்தியான ஏமாற்று வேலை மருந்தியலில் அதிகம் இல்லை.

சாப்பாட்டுக் கேள்விக்கு நேரடியான விடை லெவோடோபாவில் கிடைக்கும். பார்க்கின்சன் நோயில் மூளைக்கு வேண்டியது டோபமின். ஆனால் டோபமின், இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைக் கடக்காது. லெவோடோபா ஓர் அமினோ அமிலமாக இருப்பதால், லாட்1 என்ற அமினோ அமிலக் கடத்தி அதை உள்ளே கொண்டுபோக, அது மூளையில் டோபமினாக மாறுகிறது. மரச்சீனியும் சாளைக் கறியும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு இந்த மாத்திரையைப் போட்டால், மீனின் புரதத்திலிருந்து வந்த அமினோ அமிலங்கள் குடலிலும் மூளை வாசலிலும் அதே இருக்கைகளுக்குப் போட்டியிடும். மாத்திரை வேலை செய்யவில்லை என்று வீட்டார் நினைப்பார்கள். இதை உணவுக்கு அரை மணி நேரம் முன்பாவது போடச் சொல்வது அதனால்தான். நம் பக்கத்துப் புதர்களில் ஏறிப் படரும் பூனைக்காலியின் விதையிலும் லெவோடோபா இருக்கிறது. ஆயினும் அளவு தெரியாத விதைத்தூளை மாத்திரையோடு சேர்த்துக்கொள்வதை நான் ஊக்குவிப்பதில்லை.

ஒவ்வாமைக்கான ஃபெக்சோஃபெனடினைப் பழச்சாற்றோடு விழுங்கக் கூடாது என்பதும் இதே வகை. ஆரஞ்சு, ஆப்பிள், கிரேப்ஃப்ரூட் சாறுகள் குடலில் அதை ஏற்கும் கடத்தியைத் தடுத்துவிடுவதால், இரத்தத்தை அடையும் மருந்து குறைந்துவிடும். தண்ணீர் போதும்.

நுழைந்த மருந்து எந்த உறுப்புக்குப் போகிறது என்பதையும் கடத்திகளே பெரிதும் தீர்மானிக்கின்றன. சர்க்கரை நோய்க்கு முதலில் எழுதப்படும் மெட்ஃபார்மின், உடலில் நேர்மின்னேற்றத்தோடு இருப்பதால் சவ்வைத் தானாகக் கடக்காது; ஓ.சி.டி.1 என்ற கடத்தி அதைக் கல்லீரல் செல்லுக்குள் எடுத்துச் செல்கிறது, ஓ.சி.டி.2-உம் மேட் கடத்திகளும் சிறுநீரகத்தின் வழியே வெளியேற்றுகின்றன. ஓ.சி.டி.1 மரபணுவில் வேறுபாடுள்ளவர்களுக்கு மெட்ஃபார்மினின் பலன் குறைகிறது என்று 2007-ல் ஓர் ஆய்வு காட்டியது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அதையே சொல்லவில்லை. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினைப் பொறுத்தவரை சான்று உறுதியானது. 2008-ல் வெளிவந்த ஆய்வில், நாளுக்கு 80 மில்லிகிராம் எடுத்தவர்களுள், கல்லீரல் வாசலான ஓ.ஏ.டி.பி.1பி.1-இன் குறையுள்ள வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்குத் தசைப் பாதிப்பு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 17 மடங்காக இருந்தது. கல்லீரலுக்குள் போக முடியாத மருந்து இரத்தத்தில் தங்கித் தசைகளைச் சென்றடைவதே காரணம்.

உள்ளே வந்ததை வெளியே தள்ளும் கடத்திகளுள் முதன்மையானது பி-கிளைக்கோபுரதம். இதன் வரலாற்றில் நம் மாநில மலருக்குச் சற்று உறவுண்டு. குமரியின் வேலிகளில் ஏறிப் பூக்கும் செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் கோல்ச்சிசின் என்ற நச்சு இருக்கிறது. அளவோடு கொடுத்தால் கௌட் எனும் மூட்டு வீக்கத்துக்கு மருந்து. 1976-ல் ஜூலியானோவும் லிங்கும், கோல்ச்சிசினுக்கு அசராத வெள்ளெலிச் செல்களை ஆராய்ந்தபோது, அவற்றின் சவ்வில் இந்தப் புரதம் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். ஏ.டி.பி.யின் ஆற்றலைக் கொண்டு அது பலவகை மருந்துகளை வெளியே எறிவதால், புற்றுநோய்ச் செல்கள் சிகிச்சைக்கு அசையாமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். பேதிக்கான லோபெரமைடு, அபின் இனத்தைச் சேர்ந்ததாக இருந்தும், வழக்கமான அளவில் மயக்கம் தராதது இது மூளை வாசலில் காவல் நிற்பதால்தான். கோல்ச்சிசின் எடுப்பவர் சளிக்காகக் கிளாரித்ரோமைசினைத் தாமாக வாங்கிப் போட்டால், வெளியேற்றும் இந்தக் கடத்தியும் கோல்ச்சிசினைச் சிதைக்கும் நொதியும் ஒருசேரத் தடைபட்டு, கோல்ச்சிசின் உயிருக்கே ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் கேட்பவரிடம் வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று நான் துருவுவது சிலருக்கு எரிச்சலாக இருக்கிறது, இருக்கட்டும்.

வாசலை வேண்டுமென்றே அடைப்பதும் சிகிச்சையாகலாம். சிறுநீரகம் ஒரு நாளில் வடிகட்டும் ஏறத்தாழ 180 கிராம் குளுக்கோஸில் பெரும்பகுதியை எஸ்.ஜி.எல்.டி.2 என்ற கடத்தி மீட்டெடுக்கிறது. ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835-ல் பிரித்தெடுக்கப்பட்ட ஃப்ளோரிசின் என்ற பொருள் இதைத் தடுக்கும் என்பது பின்னர் தெரியவந்தது. அதன் வழித்தோன்றல்களே டாபாக்ளிஃப்ளோசினும் எம்பாக்ளிஃப்ளோசினும். முன்னதன் முதல் காப்புரிமை இந்தியாவில் 2020-ல் முடிந்து விலை இறங்கிய பின், குலசேகரம் போன்ற ஊர்களிலும் இது அன்றாட மாத்திரையாகிவிட்டது. இதைச் சாப்பிடுபவருக்கு வாந்தியும் பேதியும் வந்தால், நீரிழப்போடு கீட்டோன் அமிலமும் பெருகும் அபாயம் இருப்பதால், மாத்திரையை எத்தனை நாள் நிறுத்துவது என்று உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும். டாபாக்ளிஃப்ளோசின் குடலின் எஸ்.ஜி.எல்.டி.1-ஐ அநேகமாகத் தொடுவதில்லை, ஆகவே ஓ.ஆர்.எஸ். அவருக்கும் வழக்கம்போல் உள்ளே போகும், ஆனால் அதில் குளுக்கோஸ் இருப்பதால் இரத்தச் சர்க்கரையையும் இடையிடையே பார்த்துக்கொள்ள வேண்டும்.